கப்பலிலிருந்து இறங்கியவரின் மனம்

(பொன்விழாவையொட்டிச் செம்பவாங்கில் நடந்த வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புதிய திறன் ஒன்றைக் கற்க எப்படிப்பட்ட மனநிலை வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் சிலருக்குக் கொட்டாவி வந்திருக்கும். “உன்னால் முடியும்” என்று கையை உயர்த்திச் சொல்லும் பேச்சு எங்களுக்கு வராது. நாங்கள் கயிறு, கொக்கி, போல்ட்டு நட்டு, குழாய் இணைப்பு, கையுறை விற்கிறவர்கள். அத்தா தொடங்கிய கடை. இப்போது அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். அதனால் இது கடைக்காரர் பேச்சாகத்தான் இருக்கும். கணக்கு இருக்கும், கொஞ்சம் புலம்பலும் இருக்கும்.

முதலில் புலம்பலைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வியாபாரம் செம்பவாங் கடலோரத்துப் பட்டறைகளை நம்பி வளர்ந்தது. அந்த வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவின் மேற்குக் கோடிக்கு, துவாஸுக்கு, நகர்ந்துவிட்டன. காலை ஏழு மணிக்குக் கடைவாசலில் நின்ற லாரிகளில் பாதி இப்போது அந்தப் பக்கம் நிற்கிறது. எங்களுக்கு மட்டும் வந்த நிலை அல்ல இது. நம் சங்கத்து உறுப்பினர்களில் சிலர் அண்மையில் கடையை மூடியிருக்கிறார்கள். காரணம் கேட்டால் வாடகை என்பார்கள். வாடகை உண்மைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இன்னொரு பதில் வரும். “இனிமே இதையெல்லாம் யாரு தம்பி கத்துக்கிறது?”

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அதைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாற்பது வருடம் நின்றபடி உழைத்தவர்கள். மூளை குறைந்தவர்களும் அல்லர்; ஒரு வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய பொருளின் விலையைக் காசு பிசகாமல் சொல்வார்கள். பிறகு ஏன் அந்த வாக்கியம் வருகிறது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம்மில் பலருடைய குடும்பக் கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல் அது. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. அதிலிருந்து தகரப் பெட்டியோடு இறங்கிய பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களுக்கு என்ன தெரிந்திருந்தது? தமிழ் தெரியும். ஊர்ப் பள்ளிவாசல் மதரஸாவில் ஓதியது தெரியும். அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து அதே பையன் தேக்காவிலோ சேஞ்ச் ஆலியிலோ நின்று மலாயில் விலை பேசுகிறான். ஹொக்கியனில் சா, சி, கோ என்று எண்ணுகிறான். மாலுமி எந்த நாட்டுக்காரன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறான், அவன் மொழியில் வணக்கமும் வைக்கிறான். எந்த வகுப்புக்குப் போனான்? யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

இன்று “இனிமே யாரு கத்துக்கிறது” என்று சொல்கிற பெரியவர்தான் அந்தப் பையன். இந்த வேடிக்கையை நாம் கவனிப்பதே இல்லை. இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப்போலத் தம் வாழ்க்கையில் புதிதாகக் கற்றவர்கள் நம் சமூகத்தில் வேறு யாரும் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் படித்து டிப்ளோமா வாங்கிய எங்களைப் போன்றவர்கள், பாடத்திட்டம் போட்டுக் கொடுத்ததைத்தான் படித்தோம். அவர்கள் பாடத்திட்டமே இல்லாத ஊரில் படித்தார்கள்.

அப்போது இருந்த எது இப்போது இல்லை? வயது என்று சொல்லலாம். கண் மங்குகிறது, பெயர் மறக்கிறது, அதெல்லாம் இருக்கிறது. ஆனால் எங்களுக்குத் தெரிந்தவரை பெரிய வித்தியாசம் வேறு. கப்பலிலிருந்து இறங்கிய பையனுக்கு இழக்க மரியாதை ஏதும் இல்லை. அவன் தப்பான மலாய் பேசினால் மக்கச்சி சிரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான். அடுத்த முறை சரியாகச் சொல்வான். இன்று அதே மனிதருக்கு நாற்பது வருட மரியாதை இருக்கிறது. பள்ளிவாசலில் ஸலாம் சொல்லி இடம் கொடுக்கிறார்கள், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாமல் பேரப்பிள்ளை வயதுப் பையனிடம் கேட்க வேண்டும். வாய் வருமா? வராது. “எனக்கு இது தேவையில்லை” என்றுதான் வரும்.

ஆகவே கற்பதற்கான மனநிலை என்று தனியாக எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று நம் குடும்பத்தார் கொண்டுவந்த மனநிலைதான் அது. புதியவனாக இருக்கச் சம்மதிப்பது.

இதை நாம் நிற்கும் இந்த மண்ணே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. செம்பவாங்கில் கேன்பரா, வெலிங்டன், டெல்லி, மால்டா என்று தெருப்பெயர்கள் ஏன் இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளம் விட்டுச்சென்ற பெயர்கள் அவை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான பெரிய உலர்துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தமிழர்களும் மலையாளிகளும் சீக்கியர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் தளத்தில் வேலை பார்த்தார்கள். தளத்து வேலை கிடைத்தால் ஓய்வுபெறும்வரை கவலை இல்லை என்பது அந்தக் கால நம்பிக்கை.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அப்போது பிரிட்டிஷ் தளங்களால் வந்த வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சுதந்திரம் பெற்று மூன்று வருடம்கூட ஆகாத நாடு. கடற்படையின் கப்பல் பட்டறை அதே 1968இல் ஒரு வெள்ளி என்ற அடையாளத் தொகைக்குச் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் வந்தது. செம்பவாங் ஷிப்யார்டு என்ற நிறுவனம் பிறந்தது. முதலில் பிரிட்டனின் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது.

பட்டறை அதேதான், உலர்துறை அதேதான், ஆட்களிலும் பலர் பழைய ஆட்கள்தான். வேலை மட்டும் முற்றிலும் வேறு. போர்க்கப்பலைப் பழுதுபார்ப்பது ஒரு மாதிரி. நாள் கூடினால் யாருக்கும் சம்பளம் குறையாது. வணிகக் கப்பல் அப்படியல்ல. ஒரு நாள் துறையில் கூடுதலாக நின்றால் உரிமையாளருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. அடுத்த முறை அவர் ஜப்பானுக்குப் போய்விடுவார். அதனால் வேகம், விலை, வாடிக்கையாளர் என்ற மூன்று சொற்களைத் தளத்து ஆட்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பட்டறைக்குள் இடம் கிடைக்காதவர்களின் நிலை இன்னும் கடினம். வேலை இழந்த தள ஊழியர்களுக்கு அரசாங்கம் மறுபயிற்சி வகுப்புகள் நடத்தியது. மேசையில் உட்கார்ந்து பழகியவர்களும் அரமும் உளியும் பிடிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அத்தா கடை தொடங்கிய காலத்தில் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் வருவார்கள். அவர்கள் பேசியதை அத்தா எங்களிடம் சொல்லியிருக்கிறார். சூடு தாங்க முடியவில்லை, தோள் வலித்தது என்று அவர்கள் குறைப்பட்டதில்லையாம். மகன் வயதுப் பயிற்சியாளரை ‘சார்’ என்று கூப்பிட்டதுதான் முதல் மாதம் முழுவதும் தொண்டையில் முள்ளாக நின்றதாம். இரண்டாவது மாதம் முள் கரைந்துவிட்டது என்பார்களாம். நிலைத்தவர்கள் யார், நின்றுவிட்டவர்கள் யார் என்று அத்தா ஒரு கணக்கும் சொல்வார். இருபது வருட சர்வீஸைப் பதவியாகத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனவர்கள் பாதியில் நின்றார்கள். அதையே சரக்காகக் கொண்டுபோனவர்கள் நிலைத்தார்கள். ஸ்டோரில் இருந்தவருக்கு ஒவ்வொரு பாகத்தின் பெயரும் அத்துப்படி. வெல்டிங் கற்கும்போது அந்த அறிவு கைகொடுத்தது. பழைய அனுபவம் வீண்போகாது. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இன்னொரு காலகட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் சிலர் அதில் படித்தவர்கள். 1983இல் ‘பெஸ்ட்’ என்ற திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குத் தொடக்கப்பள்ளி அளவு ஆங்கிலமும் கணக்கும். பகல் முழுக்க வேலை, இரவில் வகுப்பு. மீசை நரைத்தவர்கள் பாடப்புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போவார்களாம், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. எங்களுக்கு அந்தச் செய்தித்தாளின் மேல் தனி மரியாதை உண்டு. வெட்கம் போன பிறகு படிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வெட்கத்தையும் சுற்றி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். அங்கே பெயர் எழுதிப் படித்த ஆங்கிலத்தில்தான் பிறகு வீட்டுக் கடன் கடிதத்தை வாசித்தார்கள்.

படித்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதிகமாகவே உண்டு. டிப்ளோமாவோடு கடைக்குள் நுழைந்தபோது எங்களுக்குத் திருகு மரையின் கோணம் தெரியும், வரைந்து காட்டத் தெரியும். பி.எஸ்.பி. வகை 55 பாகை, என்.பி.டி. வகை 60 பாகை. ஆனால் அரை அங்குலக் குழாயில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகும், பிறகு அழுத்தம் கூடும்போது கசியும். வாடிக்கையாளர் எழுதிக்கொண்டா வருவார்? துருப்பிடித்த ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து “இதேமாதிரி” என்பார்.

அருகில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த ஒரு சீன அங்கிள்தான் எங்களுக்கு வழி காட்டினார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒரு வாளி நிறையக் கலந்த இணைப்புகளைக் கொட்டிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கச் சொல்வார். கட்டைவிரல் நகத்தை மரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவி வைத்துப் பார்க்கலாமே என்றால், முதலில் விரல், பிறகு அளவி என்பார். இரண்டு மாதம் வாளியோடு உட்கார்ந்தோம். விரலுக்குத் தெரிந்த பிறகுதான் டிப்ளோமா வேலை செய்தது. ஏன் கசிகிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தது, அவரும் மறுபடி எங்களிடம் வந்தார்.

பராட்டாக் கடைகளிலும் இதே வழிதான். புதிதாக வந்த பையனுக்கு முதல் நாளே மாவைக் கொடுக்க மாட்டார்கள். ஈரத்துணியை வீசிப் பழகச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. துணி கிழியாது, மாவு வீணாகாது, கைக்கு வீச்சு வந்துவிடும். தப்பு செய்வதற்கு மலிவான இடம் ஒன்றை முதலில் ஏற்படுத்திக் கொடுக்கிறார்கள். நம் பெரியவர்கள் கைப்பேசியில் பணம் அனுப்பப் பயப்படுவதற்குக் காரணம், அவர்களுக்கு ஈரத்துணி கிடைக்கவில்லை. முதல் முயற்சியிலேயே நிஜக் காசு. ஒரு வெள்ளியை மனைவிக்கு அனுப்பி, அவர் அதைத் திருப்பி அனுப்பி, இப்படிப் பத்துத் தடவை செய்தால் பயம் தெளிந்துவிடும். வீட்டிலும் கொஞ்சம் சிரிப்பு இருக்கும்.

மார்க்க உரை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆலிம்கள் இருக்கும் சபை. ஆனாலும் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை இந்தத் தலைப்பில் விட்டுவிட முடியாது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அரை மாதத்துக்குள் அவர் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. கடிதம் எழுத வேண்டும், வரும் கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டும். தேவை கண்ணெதிரே நின்றது. எங்கள் கடைக்காரப் புத்திக்குப் படுவது இது: நாளைக்கே பயன்படப்போகிற ஒன்றைக் கற்பவருக்கு மனம் தானாகக் கூடிவரும். என்றோ ஒருநாள் உதவும் என்று கற்பது மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும்.

இப்போது நம் முன்னால் உள்ள தேவைகளைப் பாருங்கள். நம் சமூகத்தின் பெயர் சொல்லும் தொழில் நாணய மாற்று. கையால் தொட்டே நோட்டைச் சொல்லும் பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் புதிய கட்டணச் சேவைச் சட்டம் நடப்புக்கு வந்தபின், வாடிக்கையாளரைப் பற்றிய பதிவுகள், கள்ளப்பணத் தடுப்பு விதிகள் எல்லாம் அந்தத் தொழிலின் பாதி வேலையாகிவிட்டன. நோட்டை அறிந்த விரல் மட்டும் போதவில்லை. பேநவ் 2017இல் வந்தது, மளிகைக்கடைக்கு ஒரே கியூஆர் அட்டை 2018இல் வந்தது. எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு 2019இல் தொடங்கிய மின்விலைப்பட்டியல் முறை, இப்போது இன்வாய்ஸ்நவ் என்கிறார்கள். பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடானது. கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதித் திருத்தும் காலம் முடிந்தது.

எங்கள் கடையில் இப்போது நடப்பதையும் சொல்கிறோம். பட்டறைகள் போன பிறகு இணையத்தில் சில்லறையாக விற்கப் பழகுகிறோம். ஆசிரியர் அண்ணன் மகள், வயது பத்தொன்பது. “சாச்சா, போல்ட்ட வெறும் மேசையில வச்சு எடுக்காதீங்க. விரல் பக்கத்துல வச்சு எடுங்க, அப்பத்தான் வாங்குறவங்களுக்கு அளவு புரியும்” என்கிறாள். கப்பலுக்கு நூறு கிலோவாக விற்ற பொருளை அடுக்குமாடி வீட்டுக்கு நான்காக விற்பது வேறு தொழில். லாபம் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. கடை திறந்த முதல் மாதத்தில் கல்லாவைப் பார்த்து யாரும் கடையை மூடுவதில்லையே. கற்பதற்கும் அதே கணக்குதான்: ஆறு மாதம் கொடுத்துவிட்டுப் பிறகு பார்ப்பது.

அரசாங்கம் பணமும் கொடுத்திருக்கிறது. 25 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் தொகை 500 வெள்ளி. 2024 மே முதல் 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்காக மேலும் 4,000 வெள்ளி. நாலாயிரம் வெள்ளி சரக்கு இலவசமாகக் கிடைக்கும் என்றால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தத் திட்டத்தில் போலிக் கோரிக்கைகள் மூலம் ஒரு கும்பல் ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளி சுருட்டியது 2017இல் வெளிவந்தது. அது குற்றக்கும்பல் கதை. நமக்கு வரும் சோதனை அதைவிடச் சாதாரணமானது. தேநீர், சமோசா, மாலையில் ஒரு சான்றிதழ், மறுநாள் எல்லாம் மறந்துபோகும் பயிற்சிகளும் சந்தையில் இருக்கின்றன. பதிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை வைத்துத் திங்கட்கிழமை காலை கடையில் எதைச் செய்வோம்? பதில் இல்லை என்றால் அந்தப் பயிற்சி வேண்டாம்.

மனநிலை, மனநிலை என்று பேசிக்கொண்டே இருப்பதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடையில் நிற்கும் மனிதரிடம் ‘உங்கள் மனநிலை சரியில்லை’ என்று சொல்வது எளிது. அவருக்கு இல்லாதது மனம் அல்ல, இரண்டு மணி நேரம். சமையலறையில் நின்றுகொண்டே நோன்புக் காலத்தில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு செய்து விற்கும் சகோதரிக்கும் அதேதான். அந்த இரண்டு மணி நேரத்தை மேடையில் பேசி உண்டாக்க முடியாது. யாராவது அவருடைய கல்லாவில் போய் உட்கார வேண்டும், யாராவது அவருடைய குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடமாக நம் சங்கம் ஜனாஸாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதற்கும் அனுப்பலாம்.

ஆகவே செயற்குழுவோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிபுவரை சங்க அறை திறந்திருக்கும். மேடை, மைக், படக்காட்சி எதுவும் இல்லை. உங்கள் சொந்தக் கைப்பேசி, உங்கள் சொந்த பில் புத்தகம், ஒரே ஒரு சந்தேகம், இவை போதும். கற்றுக்கொடுப்பவர்கள் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறோம்: சொந்தப் பிள்ளை சொந்த அத்தாவுக்குக் கற்பிக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறோம், ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் அத்தாவுக்கும் பொறுமை வரும், பிள்ளைக்கும் மரியாதை வரும். பிள்ளைகள் பதிலுக்குப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நோட்டைத் தொட்டுப் பார்க்கும் வித்தையோ, மலாயில் பேரம் பேசுவதோ, சரக்கின் தரம் பார்ப்பதோ. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் புதியவர்களாக உட்காரட்டும்.

அந்த நேரத்தில் கல்லாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். இன்னும் ஆறு பேர் கிடைத்தால் தேக்கா பக்கமுள்ள கடைகளுக்கும் அனுப்பலாம். வாசலில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம். பச்சை அட்டை கற்க வருகிறவர்களுக்கு, நீல அட்டை கடை பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு. பெயரும் எந்த நேரம் வசதி என்பதும் எழுதினால் போதும். வயது எழுத வேண்டாம்.